உங்களுக்குத் தெரியுமா? – ஒயருக்கு வைக்கும் தீப்பரீட்சை

ஓமலூரில் எலெக்ட்ரிக்கல்ஸ் கடைக்குப் போய் ஒயர் கேட்டால், "எஃப்.ஆர். போதுமா, எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். வேணுமா?" என்பார்கள். முன்னது தீ பரவுவதைத் தடுக்கும். பின்னது அதோடு புகையையும் அமில வாயுவையும் குறைக்கும்.

*

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். உறை தொடர்ந்து எரிய 29 சதவீதமாவது வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். அதனால் தீயை விலக்கினால் உறை தானே அணைந்துவிடும். "தீயே பிடிக்காது சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த உறைகள் செய்யப்படும் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் அப்படி எதுவும் இல்லை.

*

பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். தீயை அடக்குவதும் அதுதான், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி மூச்சை அடைப்பதும் அதுதான். எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். உறை எரியும்போது இந்த வாயு எடையில் 20 சதவீதம் வரை வெளியேறலாம். 'ஹாலஜன் (குளோரின் வகைத் தனிமங்கள்) இல்லாதது' என்ற பெயர் வாங்க, சர்வதேச ஐ.இ.சி. வரம்பு 0.5 சதவீதம். நாற்பது மடங்கு வித்தியாசம்! இந்தியாவிலும் 2018-லேயே ஐ.எஸ். 17048 என்று ஹாலஜன் இல்லா ஒயருக்குத் தரம் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்கும் மருத்துவமனைக்கும் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

*

ஓமலூரிலிருந்து மேற்கே மேட்டூரில் 1960-களிலிருந்து பி.வி.சி. தயாராகிறது. சேலம் பக்கம் போனால் மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக்கரடு. அந்த வெள்ளைக்கல்லைச் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு. பெரும்பாலும் உலைச் செங்கலுக்குப் போகிறது. அதே ஆக்சைடைச் செம்புக் குழாயில் கம்பியைச் சுற்றி இறுக்கி அடைத்த கேபிள்தான் 1,000 டிகிரி செல்சியஸிலும் மின்சாரம் கடத்துகிறது. அதன் தம்பி மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, ஹாலஜன் இல்லா உறைகளில் கலக்கப்படுகிறது. சூடேறினால் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக விட்டுத் தீயைத் தணிக்கும்.

*

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பயம். அமெரிக்காவில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஏ.சி. காற்றோடும் இடத்தில் போடும் கேபிளை 25 அடிச் சுரங்கத்தில் எரிப்பார்கள். சுடர் 5 அடியைத் தாண்டக் கூடாது. பிரிட்டனின் பி.எஸ். 6387-இல் 950 டிகிரியில் 3 மணி நேரம் மின்சாரம் ஓட வேண்டும். தனித்தனிச் சோதனைகளில் தண்ணீர் தெளிப்பார்கள், தட்டி அதிரவும் வைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டடக் கேபிளுக்கு 2017 ஜூலை 1 முதல் எரியும் விதத்தை வைத்து ஏழு வகுப்புகளில் ஒன்றைக் குறிப்பிடுவது கட்டாயம்.

*

புகைக்கு? 3 மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையில் 1 லிட்டர் ஆல்கஹாலை எரியவிட்டு மேலே கேபிளை வைப்பார்கள். ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்பதே மதிப்பெண்.

*

1975 மார்ச் 22, அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். காற்றுக் கசிவைப் பார்க்க ஊழியர் காட்டிய மெழுகுவர்த்தியில் தீப்பற்றி 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. 1993 மார்ச் 31-இல் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் இறகு முறிந்து பற்றிய தீ, கேபிள்கள் வழியே பரவியது. நிலையம் 17 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது.

*

பி.வி.சி. ஒயர் வாங்கும்போது உறையின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் மட்டும் எழுதியிருந்தால் போதாது.