பொய்யைப் பிடிக்கும் விளையாட்டு: ‘ஏஸ் அட்டர்னி’ எப்படி இயங்குகிறது?

கூண்டில் நிற்கும் சாட்சி பொய் சொல்கிறார். அதை நிரூபிக்கும் பொறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞராக வரும் விளையாடுபவருடையது. ‘ஏஸ் அட்டர்னி’ வீடியோ கேம் வரிசையின் அடித்தளம் இதுதான். கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான முதல் பாகத்தை கேப்காம் நிறுவனம் 2001 அக்டோபரில் ஜப்பானில் வெளியிட்டது. எழுதி இயக்கியவர் ஷூ டகுமி. கதாநாயகன் துப்பு துலக்க, விளையாடுபவர் வேடிக்கை பார்க்கும் நிலையை மாற்றி, யோசிக்கும் வேலையை விளையாடுபவரிடமே ஒப்படைத்தார் அவர்.

இரண்டு கட்டங்கள்

முதலில் புலனாய்வு. சம்பவ இடத்தைப் பார்த்து, ஆட்களிடம் பேசி, தடயங்களைச் சேர்க்க வேண்டும். அடுத்தது நீதிமன்றம். அங்கே சாட்சியம் சில வாக்கியங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றாகத் திரையில் வரும். சந்தேகம் எழுந்தால் சாட்சியைக் குடைந்து கேட்கலாம். பொய் எதுவெனத் தெரிந்துவிட்டால், அதை உடைக்கும் சான்றை அந்த வாக்கியத்தின்போதே எடுத்து நீட்ட வேண்டும்.

முதல் வழக்கே இதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கொலையாளி யாரென்று தொடக்கக் காட்சியிலேயே தெரியும். சடலத்தைப் பகல் 1 மணிக்குப் பார்த்ததாக அவர் சாட்சி சொல்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, மரணம் மாலை 4 மணிக்கு மேல் நிகழ்ந்தது என்கிறது. மாட்டிக்கொண்டவர், தொலைக்காட்சியில் மணியைக் கேட்டதாகச் சமாளிக்கிறார். அந்த நேரத்தில் மின்சாரமே இல்லை என்பதற்கு ஆவணம் இருக்கிறது. ஒரு பொய்யை மறைக்கச் சொல்லும் அடுத்த பொய்யே அடுத்த புதிராகிறது. புதிரை அவிழ்த்தால்தான் கதை நகரும் என்பதால் வாசிப்பதே விளையாட்டாகிவிடுகிறது. இந்த வடிவமைப்பின் பெரும் பலம் அதுவே.

குருட்டு யூகத்துக்குத் தடை

ஐந்து வாக்கியங்கள், பத்துச் சான்றுகள் என்றால் 50 சேர்க்கைகள் உண்டு. அத்தனையையும் முயன்று பார்க்க முடிந்தால் யோசிக்க அவசியமே இருக்காது. அதனால் முதல் பாகத்தில் ஐந்து தவறுகளோடு வழக்கு தோற்றுவிடும்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. உண்மையை முன்கூட்டியே ஊகித்தவரும், கதை அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே முரண்பாட்டை இரண்டு சான்றுகள் காட்டும்போது ஒன்றை மட்டுமே விளையாட்டு ஏற்றால், சரியாக யோசித்தவருக்கே தண்டனை கிடைக்கும். ஆகவே நல்ல முரண்பாட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: தேவையான தகவல் முழுவதும் முன்பே கையில் இருக்க வேண்டும், வேறு விடை பொருந்தக் கூடாது.

வளர்ந்த விதம்

2002-இல் வந்த இரண்டாம் பாகம், நீதிமன்றத்துக்கு வெளியிலும் மனிதர்கள் மறைக்கும் ரகசியங்களைச் சான்று காட்டித் திறக்கவைத்தது. 2015-இல் வந்த ‘தி கிரேட் ஏஸ் அட்டர்னி’ பழைய லண்டனுக்குப் போய், ஆறு ஜூரர்களின் கருத்துகளையே ஒன்றோடொன்று மோதவிட்டது. களங்கள் மாறினாலும், இரு கூற்றுகளை ஒப்பிட்டு முரணைக் காண்பது என்ற அடிப்படை மாறவில்லை.

இதில் சட்டம் படிக்க முடியாது. நிஜத்தில் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை. இங்கே குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் உண்மைக் குற்றவாளியையும் பிடித்துத் தர வேண்டும். ஆனால், சொன்னதை அப்படியே நம்பாமல் ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இது வளர்க்கிறது.

இத்தகைய கேம் உருவாக்க விரும்பினால், முதலில் ஒரு சாட்சியத்தைக் காகிதத்தில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். பொய்யை அவரால் காரணத்தோடு சுட்டிக்காட்ட முடிந்தால், அதன் பிறகு கணினியைத் திறக்கலாம்.