நூறு வயதுக்குக் காத்திராத கணினிகள்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், டச்சுப் படையிலிருந்து வந்து அவருக்கே தளபதியான டிலனாயின் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்ட வட்டக்கோட்டை, கருங்கல் கட்டுமானமாதலால் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக உப்புக்காற்றைத் தாங்கி நிற்பதோடு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், பொதுவாக 100 ஆண்டுகளைக் கடந்த பொருளையே தொல்பொருளாக ஏற்கிறது. கையெழுத்துப் படிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள் போதும். தனிநபர் கணினியோ, அதாவது ஒருவர் தம் மேசையில் வைத்துத் தாமே இயக்கும்படி 1970களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய கணினியோ, அந்தக் கோட்டையைப் போலன்றி, நூறு வயதை எட்டும் முன்பே அழிந்துவிடக்கூடியது.

1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ இதற்குத் தக்க சான்று. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட இக்கணினியின் 'பி' வகையில் இருந்தது 32 கிலோபைட் நினைவகமே. இதன் மின்வழங்கியில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகத் தாளைச் சுருட்டிப் பிசினில் பொதிந்து செய்த மின்தேக்கிகள் உள்ளன. காலப்போக்கில் அவற்றின் மேலுறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, அவற்றின் வழியே தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்திலேயே அவை வெடித்துப் புகை கக்குவதுண்டு. ஆகவே பழுதுநீக்கத் தெரிந்தோர், மூடியைக் கழற்றி அவற்றை மாற்றிய பிறகே சுவிட்சைப் போடுவர். பின்னாளில் வந்த கணினிகள் பலவற்றில், நேரத்தைக் காக்கப் பொருத்திய சிறு பேட்டரி கசிந்து மதர்போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது.

பொறி பிழைத்தாலும் அதில் எழுதியவை பிழைப்பது உறுதியன்று. காந்தப் பூச்சில் தரவைத் தாங்கும் ஃப்ளாப்பி, ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து வாசிக்க இயலாததாகிறது. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு வரிசையைக் கொண்டிருந்தமையால், உரிய எழுத்துருவும் அதன் குறியீட்டு அட்டவணையும் இல்லாத கோப்பு, முழுமையாகக் கிடைத்தாலும் வெறும் குறிகளாகவே தெரியும். தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே.

எனவே பொறியை மட்டுமன்றி அதன் கையேடு, ஃப்ளாப்பி, எழுத்துரு, அதைப் பயன்படுத்தியோரின் நினைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் வரலாறு முழுமை பெறும். பரணில் பழைய கணினி வைத்திருப்போர், அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், மாதிரி எண்ணைக் குறித்து, உள்ளும் புறமும் படமெடுத்து, ஃப்ளாப்பிகளைத் தகுந்தவரிடம் கொடுத்துப் படியெடுத்து வைக்க வேண்டும். சோதித்துப் பார்க்கலாமென்று உடனே மின்இணைப்பு மட்டும் கொடுக்கலாகாது.