மூன்றரை மணிக்கு மேலும் ஒரு பள்ளி

ஜப்பான் போய் வந்த பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டது புல்லட் ரயிலையும் ரோபோவையும் பற்றித்தான். இரண்டையும் பார்த்தோம். ஆனால் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் நடத்தும் எனக்கு, டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பார்த்தவைதான் பேசப் பேசத் தீரவில்லை.

எங்களை அழைத்துப் போனது ‘சகுரா சயின்ஸ்’ திட்டம். ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-இல் தொடங்கியது. வெளிநாட்டு மாணவர்களைக் குறுகிய காலப் பயணமாக வரவழைத்து, பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் பள்ளிகளையும் காட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தேர்வாகிறார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

அங்கே பள்ளிப் படிப்பு ஆறு, மூன்று, மூன்று என்று பன்னிரண்டு ஆண்டுகள். முதல் ஒன்பது ஆண்டுகள்தான் கட்டாயம். கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். ஆனாலும் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் சேர்ந்துவிடுகிறார்கள்.

வாசலிலேயே காலணி அலமாரி. வெளியே போட்டு வந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே நடப்பதற்கென்றே இருக்கும் காலணியை மாட்டிக்கொள்கிறார்கள். விருந்தாளிகளுக்குச் செருப்பு கொடுத்தார்கள். வகுப்பில் நாற்பது மேசை. அன்றைய முறை மாணவர் குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து, குனிந்து வணங்கி, உட்கார்ந்ததும் பாடம் தொடங்கியது. ஐம்பது நிமிடம்.

ஆய்வகத்துக்குள் நுழையும்போது எங்கள் பிள்ளைகள் ஏதேதோ எதிர்பார்த்திருந்தார்கள். மேசைமேல் இருந்ததோ ஒரு சின்ன வண்டி, சாய்வுப் பலகை, ஓடும் வண்டியின் வேகத்தைக் காகித நாடாவில் புள்ளிகளாகப் பதியும் டைமர். “எங்கள் ஊரில் வினாடிக்கு 50 புள்ளி, ஒசாகாவில் 60” என்றாள் அங்கே படிக்கும் ஒரு பெண். ஏன் என்று கேட்கத் தூண்டும் கணக்கு அது. டைமர் புள்ளி வைப்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கின. அன்று தொடங்கி கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து வேண்டிய அளவுக்கு மின்சாரம் அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி சாதாரணம்தான், அதைச் சுற்றி அவர்கள் கேட்க விட்ட கேள்விகள்தான் பெரியவை.

பாடம் முடிந்ததும் மேசைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பே துடைப்பம் எடுத்தது. தரை, படிக்கட்டு, கழிப்பறை என்று குழுக்குழுவாகப் பிரிந்து போனார்கள். இதைச் சொன்னதும் இங்கே பலர், “நம்ம பசங்களையும் இப்படிப் பழக்கணும் டீச்சர்” என்றார்கள். அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட என்னால் முடியவில்லை. நம்மூரில் மாணவரைக் கழிப்பறை கழுவச் சொன்னால் செய்தியாகும், ஆகத்தான் வேண்டும். எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்பதில் இங்கே சாதி ஒளிந்திருக்கிறது. அங்கே முறை சுழல்கிறது, யாருக்கும் விலக்கில்லை. துடைப்பத்தை மட்டும் கொண்டுவந்து, அந்தச் சுழற்சியை விட்டுவிட்டு வந்தால் பயனில்லை.

மூன்றரை மணிக்கு மேல் பள்ளிக்கு இன்னொரு உயிர் வந்தது. ஓர் அறையில் டிரம்பெட், உடற்பயிற்சிக் கூடத்தில் மூங்கில் வாளோடு கெண்டோ, மைதானத்தில் பேஸ்பால். பள்ளிகளுக்கு இடையிலான தேசிய பேஸ்பால் போட்டி 1915-இலிருந்து நடக்கிறது. கோடையில் கோஷியென் மைதானத்தில் நடக்கும் அந்த ஆட்டங்களை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது.

“மிஸ், இங்க பிளஸ் டூ படிக்கிறவங்களும் விளையாடுறாங்க!” என்று ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். முழுதும் அப்படியில்லை. கடைசி ஆண்டு மாணவர்கள் பெரும்பாலும் கோடையோடு இந்த விளையாட்டு, இசை மன்றங்களிலிருந்து விடைபெறுகிறார்கள். ஜனவரியில் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. டியூஷன் சென்டர் தொல்லை அங்கேயும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் விளையாட்டு நேரத்தில் யாரும் கைவைப்பதில்லை.

அது சொர்க்கமும் இல்லை. மன்றங்களைப் பார்த்துக்கொள்வது ஆசிரியர்கள் தலையில். மாலையும் சனி ஞாயிறும் அதிலேயே போய்விடுகின்றன. ஆசிரியர்களின் வேலைப்பளு அங்கே ஆண்டுக்கணக்காக விவாதிக்கப்படும் விஷயம். இயல்பிலேயே பழுப்பான முடியைக்கூடக் கறுப்பாக்கச் சொன்ன பள்ளிகள் இருந்தன. டோக்கியோ பெருநகர அரசுப் பள்ளிகளில் அப்படிச் சில விதிகளை எடுத்ததே 2022-இல்தான்.

பிள்ளைகளை இப்படி அழைத்துப் போகும் வாய்ப்பு கிடைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். வகுப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மாலை மணி அடித்த பிறகும் இருக்க அனுமதி கேளுங்கள். பாடப்புத்தகம் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளி பிள்ளைகளை எதற்கெல்லாம் நம்புகிறது என்பது அந்த மணிக்கு அப்புறம்தான் தெரியும்.

எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வு நெருங்கினால், கணக்கு சார் பி.டி. பீரியடைக் கேட்டு வருவது வழக்கம். இந்த வருடமும் வந்தார். இயற்பியல் பீரியடை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.