கிரீம் தேன்: மிஷினுக்கு முன்னால் குளிர்

அடியில் சர்க்கரை கட்டிய தேன் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்து, கலப்படம் என்று சண்டை போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. பெரும்பாலும் அது வீண் சண்டை. தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். அதிலும் பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். ஃபிரக்டோஸ் சுலபமாகக் கரைந்தே கிடக்கும். குளுக்கோஸை அவ்வளவு தாங்கத் தேனிலுள்ள கொஞ்சத் தண்ணீருக்குச் சக்தி இல்லை. நாளாவட்டத்தில் அது மணி மணியாகப் பிரிந்து உறையும். பஞ்சாப், ராஜஸ்தான் கடுகுத் தேன் சில வாரங்களிலேயே கட்டியாகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தேனும் சீக்கிரம் உறையும் ரகம்தான். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 பிராண்டுகளில் 10 பிராண்டுகள் ஜெர்மனியில் நடந்த என்.எம்.ஆர். என்ற கலப்படச் சோதனையில் தேறவில்லை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்துத் தேனுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. உறைந்ததை வைத்துக் குற்றம் சாட்டவும் முடியாது.

எப்படியும் உறையப்போகிற தேனை அதன் போக்கில் விட்டால் மணல் போல நறநறக்கும். அந்த மணிகளை நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்குப் பொடியாக வளரவைத்து, சப்பாத்தியில் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவந்தால் அதுதான் கிரீம் தேன். பாலோ வெண்ணெயோ ஒரு சொட்டும் அதில் சேர்வதில்லை. மொட்டைமாடியில் நாலைந்து தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஆசை பிறப்பது நியாயம். ஆசை பிறந்ததும் பலர் தேடுவது கலக்கும் மிஷினை. சென்னை மந்தைவெளி மாதிரி இடத்தில் இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. முதலில் வேண்டியது குளிர். அடுத்தது ஈரம் பார்க்கும் கருவி. மிஷின் கடைசி, பலருக்கு அது வேண்டியதே இல்லை.

இதற்கு முதல் சாட்சி, கிரீம் தேன் செய்யும் முறையை வகுத்த எல்டன் டைஸ். அவருடைய முறைக்கு 1935-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அது கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் போனது. தேனைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி வடிகட்ட வேண்டும். பழைய மணிகள் கரையும், புளிக்கவைக்கும் ஈஸ்ட் சாகும். பிறகு வேகமாக 24 டிகிரிக்கு ஆறவைத்து, ஏற்கெனவே நைஸாக உறைந்த தேனை 100-க்கு 5 முதல் 10 பங்கு சேர்த்துக் கலக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். ஆனால் தயிர் உறை கதகதப்பில் வேலை செய்யும், இது குளிரில். கலந்ததைப் பாட்டில்களில் ஊற்றி 14 டிகிரியில் ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் பதம் வந்துவிடும். கவனிக்க வேண்டியது இதுதான்: டைஸ் முறையில் கலக்குவது உறைத் தேன் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதற்கு மட்டுமே. மீதி வேலை முழுவதையும் செய்வது 14 டிகிரி. நாள்கணக்கில் விட்டு விட்டுக் கலக்கினால் பெரிய மணிகள் உடையும், புது மணிகள் பிறக்கும். மிஷின்காரர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் 27 டிகிரியைத் தாண்டிவிட்டால் உறைதலே பெரும்பாலும் நின்றுபோகும். உறையாத தேனை எத்தனை நாள் சுற்றி என்ன பயன்?

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. மார்கழி விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் குளிர்கிறது என்று சொல்லும்போதும் இங்கே சாதாரணமாக 20 டிகிரிக்கு மேல்தான். ஏ.சி. அறை உதவாதா என்றால், அதன் கீழ் எல்லையே பொதுவாக 16. ஒரு வாரம் இரவும் பகலும் அதிலேயே ஓடவிட்டால் கரண்ட் பில் தேனின் விலையைத் தின்றுவிடும். வீட்டு ஃபிரிட்ஜுக்கு எதிர்ப்பக்கக் குறை. 4 டிகிரியில் தேன் அவ்வளவு கெட்டியாகிவிடுவதால் குளுக்கோஸ் நகர்ந்து மணியில் போய் ஒட்டவே திணறும், வாரக்கணக்கில் இழுக்கும். நடுவழி ஒன்று உண்டு. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை, வெளியே மாட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வழியாக பிளக்கில் சொருகி 14-ல் நிறுத்திவிடலாம். ஒரு தடவைக்கு 20 கிலோ தாராளமாக வைக்கலாம். பாட்டில் மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஈரம்தான் அடுத்த வில்லங்கம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. கிரீம் தேனுக்கு அது போதாது. 18 சதவீதத்தை ஒட்டி இருப்பதே நல்லது. குளுக்கோஸ் உறைந்து பிரிந்ததும் மணிகளுக்கு நடுவே நிற்கும் திரவம் முன்பைவிட நீர்த்துப்போகும், ஈஸ்ட்டுக்கு அதுவே விருந்து. நம் அடுக்குத் தேனீயின் தேன் பல சமயம் 20-ஐத் தாண்டும். மலைத்தேனும் ஈரம் மிகுந்ததுதான். அடை முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடியபின் எடுத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம், கடலோரக் காற்றில் அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே தேன் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கையில் வேண்டும். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தடவி, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் எண் தெரியும். மிஷினோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். காப்பாற்றப்போவதோ மொத்தத் தேனையும்.

தேனைச் சூடாக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். சூடான தேன் ஆகாது என்று ஆயுர்வேதம் சொல்வதாக வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். சூட்டில் தேனின் நொதிகள் குறைவதும், எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடுவதும் உண்மை. அதனால்தான் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று விதியிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கூடுவதற்குச் சூடு மட்டும் காரணமல்ல, சூட்டில் கிடக்கும் நேரமும் காரணம். 66 டிகிரியில் சில நிமிடம் வைத்து உடனே ஆறவைத்த தேனைவிட, சித்திரை, வைகாசி முழுக்கப் பரணில் வெந்துகொண்டு கிடக்கும் ‘சூடே காட்டாத’ தேனுக்கு அதிக சேதம் ஆகலாம். இருந்தாலும் மனம் ஒப்பாதவர்கள், ஈரம் 18-க்குக் கீழே உள்ள புதுத் தேனை 40 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கும் என்பதை மறக்காமல் சீக்கிரம் விற்றுவிட வேண்டும்.

உறைத் தேனுக்கு எங்கே போவது? நைஸான கிரீம் தேன் ஒரு பாட்டில் வாங்கினால் போதும், பிறகு ஒவ்வொரு தடவையும் நம்முடையதிலிருந்தே எடுத்துவைக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், கட்டியான தேனைச் சித்த வைத்தியர்கள் மருந்து அரைக்கும் கல்வத்தில் போட்டு, நறநறப்பு அடங்கும்வரை மெதுவாக அரைக்கலாம். மிக்ஸி வேண்டாம், பிளேடின் சூட்டில் மணி கரையும், காற்று புகுந்து நுரைக்கும்.

மிஷினுக்கு வருவோம். நகரத்து மாடியில் ஒரு பெட்டி வருஷத்துக்குப் பத்து கிலோ கொடுத்தாலே நல்ல விளைச்சல். ஐந்து பெட்டிக்காரருக்கு 50 கிலோ, அதுவும் ஒரே நேரத்தில் வராது. இந்த அளவுக்கு ஒரு ஸ்டீல் பாத்திரமும் நீளக் கரண்டியும் போதும். 20 கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் செய்கிறவர்களுக்குக் கை வலிக்கும் என்பது நியாயமான மறுப்பு. அவர்களுக்கு வேகம் குறைக்கக்கூடிய டிரில்லில் மாட்டும் சுருள் கம்பி இருக்கிறது. ஒரே தடவையில் 50, 100 கிலோ என்று போகும்போதுதான் மிஷின் பேச்சு நியாயம். அப்போது முதலில் கேட்க வேண்டியது, தொட்டியைச் சுற்றியுள்ள ஜாக்கெட் சூடாக்க மட்டுமா, குளிர்விக்கவுமா என்பது. சூடு மட்டும் என்றால் சென்னையில் அது பாதி மிஷின்தான். மோட்டார் நிதானமாகச் சுற்ற வேண்டும், ஆனால் இழுவை வேண்டும். தண்ணீர் ஊற்றி ஓட்டிக்காட்டினால் நம்பாமல், குளிர்ந்த தேனை ஊற்றி ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். கலக்கும் துடுப்பு தேனுக்குள் முழுசாக மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை உள்ளே அடித்து மேலே வெள்ளை நுரை கட்டும். இதனால்தான் பின்னால் உதவும் என்று பெரிய தொட்டி வாங்குவது தப்புக்கணக்கு: பாதி நிரம்பிய 100 கிலோ தொட்டியைவிட முழுசாக நிரம்பிய 50 கிலோ தொட்டி எவ்வளவோ மேல். கால் மணி ஓடி ஒரு மணி ஓய்வெடுக்க டைமர், உணவுக்கு ஏற்ற 304 ரக எவர்சில்வர், கெட்டித் தேன் இறங்கும் அளவுக்கு அகலமான வால்வு, தண்டு நுழையும் இடத்தில் கிரீஸ் கசியாத சீல். மற்றதெல்லாம் மினுமினுப்பு.

இவ்வளவும் செய்தபின் வாங்க ஆள் உண்டா? அபிஷேகத்துக்கும் மருந்து குழைக்கவும் வாங்குகிறவருக்கு ஊற்றுகிற தேன்தான் வேண்டும், அவரை மாற்ற முயல்வது வேண்டாத வேலை. ரொட்டிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளக் கேட்கிற வீடுகள் இருக்கும். ஆனால் அங்கேயும் கத்திரி வெயில் குறுக்கே வரும். 30 டிகிரிக்கு மேல் அலமாரியில் நின்ற கிரீம் தேன் இளகி, மேலே பாகும் கீழே கட்டியுமாகப் பிரியும். திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தால் பழைய பதம் வராது, மணல்தான் வரும். எனவே கார்த்திகையிலிருந்து மாசிவரை செய்து, ஃபிரிட்ஜில் வைத்தே விற்று, மிஞ்சியதைக் கரைத்துச் சாதாரணத் தேனாகக் கொடுப்பதுதான் மந்தைவெளிக்குச் சரிப்படும். பெரிய மிஷின் பொருந்துகிற இடம் வேறு. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்திலிருந்து தேனீ வளர்ப்பு பரவிய மார்த்தாண்டத்தில், ரப்பர் துளிர்க்கும் தை, மாசியில் பல வீட்டுத் தேன் ஒரே சமயத்தில் குவிகிறது. பிழைப்புக்கே பெட்டி வைத்திருக்கும் அந்த ஊர்களில், ஈரத்தைக் குறைக்கும் வசதியோடும் குளிர் அறையோடும் ஒரு கூட்டுறவுச் சங்கம் 200 கிலோ மிஷின் வாங்கினால், போட்ட பணம் திரும்பி வரும்.