டோபி காட் படிக்கட்டில் ஒரு கணக்கு

டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டப் பாதை என மூன்று ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற, நீளமான மின்படிக்கட்டுகளில் இறங்கிப் போக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மாணவர்கள் ஆறு பேருடன் அங்கே நின்றிருந்தேன். வடகிழக்குப் பாதையில் அடுத்த நிலையமான லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம். “இந்தப் படிக்கட்டு எத்தனை மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது? அளவுநாடா இல்லாமல் சொல்ல முடியுமா?” என்று கேட்டேன்.

ஐந்து பேர் யோசிக்கத் தொடங்கினார்கள். ஒரு மாணவி மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். “கணக்கா டீச்சர்? எனக்குக் கணக்கு வராது.”

கேள்வியை முழுதாகக் கேட்பதற்கு முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது: தன்னால் முடியாது. இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது?

பயம் மூளையில் என்ன செய்கிறது?

23-ஐ 17-ஆல் மனத்துக்குள் பெருக்கிப் பாருங்கள். 23 × 10 = 230 என்பதை நினைவில் வைத்துக்கொண்டே 23 × 7 = 161 என்று கண்டுபிடிக்க வேண்டும்; பிறகு இரண்டையும் கூட்ட வேண்டும். இப்படிச் சற்று நேரம் எண்களைப் பிடித்து வைக்கும் இடத்துக்குச் ‘செயல் நினைவு’ என்று பெயர். அது மிகச் சிறிய கரும்பலகை போன்றது. ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே அதில் எழுத முடியும்.

கணக்கைக் கண்டு பயப்படும்போது, அந்தக் கரும்பலகையில் வேறு வரிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘தப்பாகப் போய்விடுமோ?’, ‘எல்லாரும் முடித்துவிட்டார்களே!’, ‘அம்மா என்ன சொல்வார்?’ கணக்குக்கு இடம் குறைந்துவிடுகிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கணிதப் பதற்றம் உள்ளவர்கள் கணக்குப் போடும்போது அவர்களின் செயல் நினைவு சுருங்கிவிடுகிறது. அறிவு குறைவதில்லை, அறிவு வேலை செய்வதற்கான இடம்தான் குறைகிறது.

2012-ல் வந்த இன்னோர் ஆய்வு மேலும் வியப்பானது. இயன் லயன்ஸ், சியான் பைலாக் இருவரும் கணிதப் பதற்றம் உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ‘அடுத்து வருவது கணக்கு’ என்ற அறிவிப்பைப் பார்த்ததும், உடல்வலியை உணர்வதோடு தொடர்புடைய மூளைப்பகுதி தூண்டப்பட்டது. ஆனால் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தூண்டல் தெரியவில்லை. அதாவது, வலித்தது கணக்கு அல்ல. கணக்கு வரப்போகிறதே என்ற எண்ணம்.

முதல் வரிசையிலும் பயம்

‘நம் ஊர்ப் பிள்ளைகள்தாம் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே!’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 15 வயது மாணவர்களுக்காக உலக அளவில் நடக்கும் பீசா மதிப்பீட்டில், 2022-ல் சிங்கப்பூர் கணிதத்தில் 575 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. ஓஇசிடி நாடுகளின் சராசரி 472.

ஆனால் அதே பீசா 2012-ல் வேறொன்றையும் அளந்தது. அந்த ஆண்டு சிங்கப்பூருக்குக் கணிதத்தில் இரண்டாம் இடம். கணிதப் பதற்றத்திலோ, நம் மாணவர்கள் ஓஇசிடி சராசரியைவிட மேலே இருந்தார்கள். நன்றாகக் கணக்குப் போடுபவர்களும் பயப்படுகிறார்கள். ஆகவே, ‘பயமாக இருக்கிறது’ என்பதற்கு ‘எனக்கு வராது’ என்று பொருள் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு.

ஒரு பிடி நாணயம்

2021-ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் வந்த ஒரு கேள்வி நினைவிருக்கிறதா? அன்று சமூக ஊடகங்களில் பெற்றோர் பலர் அதைப் பகிர்ந்து புலம்பினார்கள். கேள்வியின் சாரம் இதுதான்.

ஹெலன், ஐவன் இருவரிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. எல்லாமே 50 காசு அல்லது 20 காசு. ஹெலனிடம் 20 காசு நாணயங்கள் 64, ஐவனிடம் 104. ஹெலனின் நாணயங்களின் மொத்த நிறை 1.134 கிலோகிராம். யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? ஒரு 50 காசு நாணயம் 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் என்றால், ஐவனின் நாணயங்களின் நிறை என்ன?

64, 104, 1.134, 2.7. இத்தனை எண்களைப் பார்த்தவுடன் கை நடுங்குகிறது. ‘மொத்தம் எத்தனை நாணயம்?’ என்று தேடத் தொடங்குகிறோம். அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அது தேவையும் இல்லை.

பேனாவை வைத்துவிட்டு, இருவரின் நாணயங்களையும் மேசையில் இரண்டு வரிசையாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையும் ஒரே நீளம். 104 − 64 = 40. ஐவனின் வரிசையில் 20 காசு இருக்கும் 40 இடங்களில், ஹெலனின் வரிசையில் 50 காசு இருக்கிறது. மற்ற எல்லா இடங்களும் சமம். ஓர் இடத்துக்கு 30 காசு வேறுபாடு. 40 இடங்களுக்கு 1,200 காசு. எனவே ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். நிறையும் அப்படியே: 40 × 2.7 = 108 கிராம். 1,134 − 108 = 1,026. ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோகிராம்.

ஒரு கழித்தல், இரண்டு பெருக்கல், மறுபடி ஒரு கழித்தல். அவ்வளவுதான். கடினமாக இருந்தது கூட்டல் கழித்தல் அல்ல. அடுக்கிப் பார்க்கும் அளவுக்கு அமைதியாக இருப்பது.

ஆசிரியருக்கும் உண்டு

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அறிவியல் ஆசிரியை. எனக்கும் கணக்கு என்றால் பயம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடர்த்திப் பாடம் நடத்தினேன். நிறை, அடர்த்தி, பருமன் மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, ‘வேண்டியதை விரலால் மறை, விடை தெரியும்’ என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவன் கை தூக்கினான். “அந்த முக்கோணம் ஏன் சரியாக வருகிறது டீச்சர்?” எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பலகையில் எழுதி விளக்கப் போய், நடுவில் தடுமாறினால்? “அது தேர்வுக்கு வராது. மனப்பாடம் செய்துகொள்,” என்றேன்.

அந்த ஆண்டு முழுதும் அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. தேர்வில் நிறையைப் பருமனால் பெருக்கி அடர்த்தி என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தக் கோடு எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

ஆசிரியரின் பயம் மாணவருக்குத் தொற்றும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பைலாக் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் கற்பிக்கும் 17 ஆசிரியைகளையும் அவர்களின் மாணவர்களையும் ஓராண்டு கவனித்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியையின் பதற்றத்துக்கும் மாணவர்களின் திறனுக்கும் தொடர்பு இல்லை. ஆண்டு முடிவில், பதற்றம் அதிகமுள்ள ஆசிரியையிடம் படித்த சிறுமிகளில் பலர் ‘கணக்கு பையன்களுக்குத்தான் வரும்’ என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் கணிதத் தேர்ச்சியும் குறைவாக இருந்தது. யாரும் வாய்திறந்து அப்படிக் கற்பிக்கவில்லை. பயம் தானாகவே பாடம் நடத்திவிட்டது.

சிங்கப்பூர் வரைந்த கட்டம்

ஒரு நாடே இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் இங்குள்ள தொடக்கப்பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ‘மொத்தம்’, ‘மீதி’ போன்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் 87 விழுக்காட்டு மாணவர்கள் சரியாகச் செய்தார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் 46 விழுக்காட்டினரால் மட்டுமே முடிந்தது. பிள்ளைகள் கணக்கைப் புரிந்துகொள்ளவில்லை; சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். நான் கொடுத்த முக்கோணம் போலத்தான்.

1980-ல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு புதிய கணிதப் பாடங்களை எழுதியது. முதலில் கையால் தொடும் பொருள், அடுத்து படம், கடைசியாகத்தான் எண்ணும் குறியீடும் என்பது அவர்களின் வரிசை. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்துகள் அதற்கு அடிப்படை. நீங்கள் தொடக்கப்பள்ளியில் வரைந்த ‘மாடல்’ கட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. இன்று பல நாட்டுப் பள்ளிகள் அவற்றைப் பின்பற்றுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சலவைக்காரரிடம் வேட்டியும் சட்டையும் சேர்த்து 72 துணிகள். சட்டைகள் வேட்டிகளைப் போல 3 மடங்கு. வேட்டிக்கு ஒரு கட்டம் வரையுங்கள். சட்டைக்கு அதே அளவில் மூன்று கட்டங்கள். மொத்தம் நான்கு கட்டங்கள் 72 என்றால், ஒரு கட்டம் 18. வேட்டி 18, சட்டை 54. அந்தக் கட்டத்துக்கு x என்று பெயர் வைத்தால் அதுவே இயற்கணிதம்.

அடர்த்தியையும் இப்போது இப்படித்தான் நடத்துகிறேன். ஒரு கன சென்டிமீட்டர் ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் 3 கிராம். ஐந்து கட்டங்கள் இருந்தால் 15 கிராம். முக்கோணம் தேவைப்படவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், வரையுங்கள். கேள்வி புரியாவிட்டாலும் அதில் உள்ளதைப் படமாக்குங்கள். செயல் நினைவின் சுமை தாளுக்கு இறங்கும்.

இரண்டாவது, பயத்தை எழுதிவிடுங்கள். ஹெரார்டோ ரமிரேஸ், பைலாக் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள் மேலும் நன்றாகச் செய்தார்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு அது கூடுதலாக உதவியது.

மூன்றாவது, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்வதற்குப் பதில், ‘இந்த மூன்றாவது வரியில் நிற்கிறேன்’ என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு யாரும் உதவ முடியாது. இரண்டாவதற்கு உடனே உதவலாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. ‘எனக்கும் அந்தக் காலத்தில் கணக்கு வராது’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். ‘எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். இப்போது என் வகுப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்கிறேன். பலகையில் தடுமாறியும் இருக்கிறேன். மாணவர்கள் சிரிக்கவில்லை, திருத்தினார்கள்.

மீண்டும் படிக்கட்டு

டோபி காட்டுக்கு வருவோம். பின்னால் நகர்ந்த மாணவியிடம் கணக்குப் போடச் சொல்லவில்லை. “கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில். மேலிருந்து கீழே போக எத்தனை விநாடி என்று மட்டும் எண்ணு,” என்றேன். எண்ணினாள்: 32. வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். “அப்படியென்றால் படிக்கட்டு 24 மீட்டர் நீளம்,” என்று அவளே சொன்னாள்.

மின்படிக்கட்டுகள் வழக்கமாக 30 பாகை சாய்வில் அமைந்திருக்கும். கீழே வந்ததும் குறிப்பேட்டில் அந்தச் செங்கோண முக்கோணத்தை வரையச் சொன்னேன். அதன் அடிப்பக்கத்தில் கண்ணாடி வைத்ததுபோல, கீழே இன்னொன்றை ஒட்டி வரைந்தாள். 30-ம் 30-ம் சேர்ந்து 60 பாகை. மற்ற இரண்டு கோணங்களும் 60. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “மூன்று பக்கமும் சமம் டீச்சர். அப்படியென்றால் உயரம் பாதிதான். 12 மீட்டர்!”

அவளுக்கு இன்னும் கணக்கு பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கடுத்த வாரம் வகுப்பில், ‘இரண்டாவது வரி வரைக்கும் புரிகிறது’ என்று கை தூக்கினாள்.

டோபி காட் என்ற பெயருக்குச் சலவைத் துறை என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்து, பக்கத்து வெளியில் உலர்த்தினார்கள். ‘காட்’ என்றால் நீருக்குள் இறங்கும் படித்துறை. தண்ணீருக்குப் பயந்தவர்களும் படி இருந்தால் இறங்குவார்கள், ஒவ்வொன்றாக.

உங்களுக்கு ஒரு படி: சலவைக்காரரிடம் வேட்டியும் சட்டையும் சேர்த்து 84. சட்டைகள் வேட்டிகளைவிட 20 அதிகம். ஒவ்வொன்றும் எத்தனை? எண்களைத் தொடும் முன், கட்டம் வரையுங்கள்.