கை தளர்ந்தால் என்ன... கருவி இருக்கே!

வயதான காலத்தில் பிடி தளர்வது இயற்கை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பையில் அடங்கும் சின்னக் கருவி ஒன்று போதும். ஆனால், பார்த்து வாங்கணும்!

பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கிறீர்களா? தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்கிறீர்களா? மாத்திரை அட்டையோடு மல்லுக்கட்டி, முடியாமல் 'ராத்திரிக்குப் பார்த்துக்கலாம்' என்று வைத்துவிடுகிறீர்களா? உங்களுக்கு இல்லையென்றால், வீட்டிலிருக்கும் அப்பாருக்கோ அமுச்சிக்கோ இந்தத் தொல்லை இருக்கிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

என்னிடம் வரும் பெரியவர்கள் மூட்டுவலியைச் சொல்வார்கள். சர்க்கரையைச் சொல்வார்கள். மலச்சிக்கலைக்கூடக் கூச்சப்படாமல் சொல்வார்கள். கையில் பிடியில்லை என்பதை மட்டும் லேசில் சொல்ல மாட்டார்கள். நாமாகத் தோண்டிக் கேட்டால்தான் வெளியே வரும்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர். ரத்தக் கொதிப்பு குறையவே இல்லை. வேறொரு டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகள் சரியானவைதான். "ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றேன். "போடறனுங்க" என்றார். அட்டைகளை வாங்கிப் பார்த்தால், பாதி மாத்திரை அப்படியே இருந்தது. மெதுவாக விசாரித்த பிறகு சொன்னார்: "அதைப் பிதுக்கறதுக்கு வெரல்ல தெம்பு இல்லீங்க சாமி. தெனமும் மருமகளைக் கூப்பிட்டா, அவ என்ன நெனைப்பா?"

அவருக்குத் தேவைப்பட்டது புது மாத்திரை அல்ல, ஒரு சின்னக் கத்தரி! அதன்பின் அட்டைகள் ஒழுங்காகக் காலியாகத் தொடங்கின.

பிடி ஏன் தளர்கிறது?

முப்பதுகளில் உச்சத்தில் இருக்கும் கைப்பிடி, ஐம்பதுக்குப் பிறகு மெல்ல இறங்குகிறது. தசை மெலிவது ஒரு காரணம். கட்டைவிரலின் அடிமூட்டும் விரல் நுனி மூட்டுகளும் தேய்ந்து முடிச்சு விழுவது இன்னொன்று. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் ராத்திரியில் கை மரத்துப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு விரல்கள் விறைத்துப்போவதும், மடக்கிய விரல் நீட்ட வராமல் 'டக்'கென்று சிக்கிக்கொள்வதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோல் சேர்த்துப் பாருங்கள். உள்ளங்கையும் விரல்களும் ஒட்டாமல் நடுவே இடைவெளி விழுந்தால் விறைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் வாத நோய்களை 80 வகையாகப் பிரித்திருக்கிறார். ஆகவே, 'வாதம்தான், வயசானா வரும்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. எதனால் தளர்ந்தது என்று பார்த்தே மருந்து.

கைப்பிடி என்பது கையின் சமாச்சாரம் மட்டுமல்ல. இந்தியா உட்பட 17 நாடுகளில், சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. பிடியின் பலம் 5 கிலோ குறையக் குறைய, மரண அபாயம் 16 சதவிகிதம் கூடுவதாக அதில் தெரிந்தது. கை தளர்ந்ததால் உயிர் போகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுவதும் தசை எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கையை அமுக்கிப் பலம் பார்க்கும் கருவி பல மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பிடி தளர்ந்திருக்கிறது என்று ஆசிய மருத்துவ வல்லுநர்கள் 2019-ல் வரையறுத்திருக்கிறார்கள்.

பாக்குவெட்டி சொல்லும் பாடம்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, விரல் நுனியில் இருக்கும் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 12 மடங்கு பாரம் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்குகிறது. மாத்திரையைப் பிதுக்குவது, சாவியைத் திருப்புவது, பாக்கெட்டைக் கிழிப்பது எல்லாமே கிள்ளுப்பிடி வேலைகள். தேய்ந்த மூட்டு வலியால் துடிப்பது இதனால்தான். அதே வேலையை முழு உள்ளங்கையால் பிடித்துச் செய்தால் பாரம் பிரிந்துவிடும். கிள்ளும் வேலையைப் பிடிக்கும் வேலையாக மாற்றித் தருவதுதான் நல்ல கருவியின் லட்சணம்.

இது ஒன்றும் நமக்குப் புதுசு அல்ல. வெற்றிலைப் பையில் இருந்த பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். கொட்டைப்பாக்கை வெட்டுவாயின் நுனியில் வைத்தால் வெட்டாது. ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து, பிடியின் கடைசியில் அமுக்கினால், பல் போன பாட்டிகூட 'கறுக்'கென்று வெட்டிவிடுவார். நெம்புகோல் தத்துவம்! முள்வாங்கியையும் காதுக் குறும்பி எடுக்கும் கரண்டியையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருந்த பெரியவர்களை அந்தக் காலத்தில் காட்டுப் பக்கம் பார்க்கலாம். அது நம்ம ஊர் மல்டி டூல்.

சீமையில் 1884-ல் தொழில் தொடங்கிய கார்ல் எல்செனர், 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து, 1897-ல் பல கருவிகள் ஒன்றாக மடங்கும் 'சுவிஸ் கத்தி'க்கு வழிபோட்டார். அமெரிக்காவில் டிம் லெதர்மேன் 1983-ல் கட்டிங் பிளேயரையே மடக்கிப் பைக்குள் வைத்தார்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆட்டுக்கல்லில் கை ஓய்ந்ததைப் பார்த்து 1950-களில் மோட்டார் கிரைண்டர் செய்த ஊர் இது. கல்லைத் தூக்க முடியவில்லையா? அப்படியே சாய்த்து மாவை வழிக்கிற டில்டிங் கிரைண்டர் வந்தது. 'கைக்குத் தெம்பு இல்லை' என்று நாம் வேலையை விடவில்லை. கருவியைத்தான் மாற்றினோம்.

வாங்குமுன் கவனியுங்கள்

கையடக்கக் கருவிகளில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலானவற்றை இளவட்டங்களின் கைக்காகச் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் ஆசையாகச் சுவிஸ் கத்தி வாங்கி வருவான். அதைத் திறக்க, நகத்தைச் சின்னப் பள்ளத்தில் மாட்டி இழுக்கணும். அப்பாவுக்கோ நகமும் மெலிந்திருக்கும், விரலிலும் பலமிருக்காது. இரண்டு தடவை முயன்றுவிட்டு பீரோவில் வைத்துவிடுவார். கேட்டால், "நல்லாத்தான் இருக்குது கண்ணு, பத்திரமா வெச்சிருக்கறன்" என்பார்!

ஆகவே, வாங்கும்போது பயன்படுத்தப்போகிறவரையே கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் கையால் திறந்து மூடிப் பார்க்கட்டும்.

ஸ்பிரிங்: அமுக்கி விட்டதும் தானாக விரியும் கத்தரியும் பிளேயரும் நல்லது. விரிக்கும் வேலை மிச்சம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு நூல் வெட்டுகிற ட்ரிம்மர் இந்த வகைதான். வீட்டில் மாத்திரை அட்டைக்கும் பால் பாக்கெட்டுக்கும் அதுவே தாராளம்.

திறக்கும் விதம்: நகத்தால் இழுப்பதைவிட, கட்டைவிரலால் தள்ளித் திறப்பது சுலபம். ஏற்கெனவே சுவிஸ் கத்தி இருந்தால், கத்தரியின் காதில் கெட்டி நூலை வளையமாகக் கட்டி இழுங்கள். ஆணியில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து இறுகிவிடும்.

எடை: பெரிய மல்டி டூல் கிட்டத்தட்ட கால் கிலோ கனக்கும். வேட்டி மடிப்பில் நிற்காது, நடுங்கும் கையில் நழுவும். விரல் நீளமுள்ள சின்னதே போதும்.

பிடி: மெல்லிய பிடி உள்ளங்கையை அறுக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் பிடி தடிமனாகும், வழுக்காது. 1990-ல் அமெரிக்காவில் வந்த தடித்த ரப்பர் பிடி சமையல் கருவிகள், கைமூட்டு வலியுள்ள ஒரு மனைவிக்காக யோசிக்கப்பட்டு, பிறகு எல்லோருக்கும் பிடித்துப்போனவை!

உபயோகிக்கும் முறை

பிளேயரைப் பிடியின் கடைசியில் பிடியுங்கள். பொருளை ஆணிக்குப் பக்கத்தில் வையுங்கள். பாக்குவெட்டிக் கணக்கு இங்கேயும் அதேதான்.

தண்ணீர் பாட்டில் மூடியைப் பிளேயரால் கவ்வி, பாட்டிலைத் திருப்புங்கள். ஜாடி மூடி என்றால், ஓரத்தில் திருப்புளி நுனியை விட்டு லேசாக நெம்பினால் 'டப்'பென்று காற்று வரும். பிறகு சுலபமாகத் திறக்கும். பேன்ட், பை ஜிப்புகளில் பெரிய வளையம் மாட்டுங்கள். தோட்டத்தில் உரச்சாக்கின் தையலை அறுக்கவும் கத்தியைவிடக் கத்தரி நல்லது.

மாத்திரை அட்டையில் இரண்டு விஷயம். காலாவதித் தேதி இருக்கும் முனையைக் கடைசியாக வெட்டுங்கள். வெட்டிய துண்டை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். பார்வை மங்கியவர்கள் அட்டைத் துண்டோடு சேர்த்து விழுங்கிவிடும் ஆபத்து உண்டு, தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பின்பக்கக் காகிதத்தைக் கத்தரி முனையால் கீறி, மாத்திரையை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள்.

செய்யவே கூடாதவை

* மோட்டார் ரூமில் பியூஸ் கேரியரை மல்டி டூலால் தொடாதீர்கள். பிடி முழுக்க இரும்பு. ஷாக் அடிக்கும்.
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மடக்குக்கத்தி பக்கமே போக வேண்டாம். கத்தரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
* பூட்டு விழாத கத்தி அமுக்கும்போது விரல்மேலேயே மடங்கும்.
* விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். சோதனையில் வாங்கிக்கொள்வார்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

கருவி மட்டும் போதாது

கருவி பாரத்தைக் குறைக்கும், பலத்தைத் தராது. அதற்கு நாம்தான் மெனக்கெடணும்.

காலையில் வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ உளுந்துத் தைலமோ முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மெதுவாகத் தடவி நீவிவிடுங்கள். பிறகு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம். சர்க்கரையால் கை மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே ஒற்றடம் வைக்கணும்.

அடுத்து, ஈரத் துண்டைச் சுருட்டி மெதுவாகப் பிழிவதும், சப்பாத்தி மாவு பிசைவதும் நல்ல பயிற்சி. கட்டைவிரல் மூட்டில் வலி இருந்தாலோ, விரல் சிக்கிக்கொண்டாலோ பிழிய வேண்டாம். ஐந்து விரல்களையும் குவித்து ரப்பர் பேண்ட் மாட்டி, மெல்ல விரித்து மூடுங்கள். பத்துத் தடவை, இரண்டு வேளை. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

தசைக்குப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது கணக்கு. பல் இல்லை என்று ரசம் சோற்றோடு முடித்துக்கொண்டால் எங்கிருந்து வரும்? உளுந்தங்களி, கொள்ளுப்பருப்பு, பாசிப்பயறு, மோர், முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடணும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

ஒரு பக்கக் கை திடீரென்று விழுந்துவிட்டால், கூடவே வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன். ராத்திரியில் கை மரத்து விழிப்பு வந்தாலோ, கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றினாலோ, மூட்டுகள் சிவந்து வீங்கினாலோ, அந்த வாரமே காட்டுங்கள்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பது பாசத்தில் சொல்வதுதான். ஆனால், வேலையில்லாத கை இன்னும் வேகமாக மெலியும். தக்காளி நறுக்குவது, கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, தோட்டத்துக் கதவைப் பூட்டுவது என்று அவர்கள் செய்துவந்த வேலையை அவர்களிடமே விட்டுவையுங்கள். முடியாத இடத்துக்கு மட்டும் கருவி கொடுங்கள்.

இன்றைக்கே அப்பா, அம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் மாத்திரை மிச்சமிருந்தால் கோபப்படாதீர்கள். "ஏம்மா, பிதுக்க வரலீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.