எண்ணெய்த் தாங்கியும் கைரேகையும்

வெளியாரிடம் கையளிக்கும் ஒப்பந்தங்கள் திருகோணமலை மக்களுக்குப் புதியனவல்ல. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2003 இல் எழுந்த வாதம், 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை நீடித்தது. 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கீடு முடிந்தது. தாங்கிகளையாவது வேலிக்கு வெளியே நின்று எண்ணலாம். தரவுகளை அவ்வாறு எண்ண முடியாது.

தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கென 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. நன்கொடை 300 கோடி இந்திய ரூபா. கட்டமைப்பை அமைப்பது இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். முகம், கைரேகை, கருவிழி ஆகியன பதியப்படும். தரவுகள் இலங்கையிடமே இருக்கும் என்கிறது அரசாங்கம்.

நிறுவனம் எந்நாட்டினது என்பதிலேயே விவாதம் சுழல்கின்றது. எமது பார்வையில் அது இரண்டாவது கேள்வி. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக்கணினியிலிருந்து அழிந்தபோது, மென்பொருளைப் பராமரித்தது உள்நாட்டுத் தனியார் நிறுவனமே. அதன் பொறியியலாளர் ஒருவர் கைதானார். சதியா, தவறா என்று நாடு வாதிட்டது. வெளியார் ஒருவரின் கை எட்டும் இடத்தில் அத்தரவுகள் ஏன் இருந்தன என்று கேட்டோர் சிலரே.

மென்பொருள் எழுதுவோருக்கு உண்மையான மனிதரின் விபரங்கள் தேவையில்லை. கற்பனைப் பெயர்களையும் எண்களையும் கொண்டே பரிசோதனைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். ஆனால் அவசரத்தில் மெய்த்தரவின் பிரதியொன்று பொறியியலாளரின் கணினிக்குச் செல்கின்றது; வேலை முடிந்த பின்னரும் கடவுச்சொல் மாற்றப்படுவதில்லை. தாங்கியிலிருந்து எண்ணெய் திருடினால் மட்டம் குறையும். தரவைப் பிரதி எடுத்தால் எதுவும் குறையாது. களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற இயலுமா?

பட்டியல் என்றால் என்னவென்று சிறுபான்மையினர் அறிவர். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தோரின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. 2019 ஏப்ரலின் பின் முஸ்லிம்கள் ஐயத்தின் பேரில் தேடப்பட்ட நாட்களும் தொலைவிலில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு தரவைச் சேகரித்தவரை விட்டு நீங்காது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் பிற்போடப்பட்டன. நிருவாகக் கடவுச்சொல் ஆட்பதிவுத் திணைக்களத்திடமா, நிறுவனத்திடமா? யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டை நிறுவனத்தால் திருத்த முடியுமா? ஒப்பந்தம் முடியும் நாளில் பிரதிகள் அழிக்கப்பட்டதை யார் சரிபார்ப்பார்? இவற்றுக்கான விடைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, கைரேகை பெறுமுன் பிரதேச செயலகங்களில் தமிழிலும் வைக்கப்பட வேண்டும்.